பூனை கீறாத துணி

...அதுவும் என் துணி மாதிரிப் புத்தகத்திலிருந்தே வெட்டியிருக்கிறாள் என் மகள், ஒரு வார்த்தை கேட்காமல், ஏழு துண்டுகள், ஓரம் பிசிறாமல், மூலை கோணாமல், திட்டுவதா மெச்சுவதா என்று தெரியாமல் நான் கடையில் யாரோ தைக்கக் கொடுத்த இந்த சோபாவின் கைப்பிடிக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன், மணி நாலே முக்கால், ஐந்துக்குள் பூனைக் காப்பகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லாவிட்டால் அந்தச் சாம்பல் பூனை வேறு வீட்டுக்குப் போய்விடும். எல்லாம் என் வாயால் வந்தது. இவள் இரண்டு மாதமாகப் பூனை பூனை என்று உயிரை எடுத்தாள், வீட்டில் இதுவரை ஒரு மீன்குஞ்சுகூட வளர்த்ததில்லை, என் கையால் நான் முதன்முதலில் கட்டிய சோபா வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, “கீறாத பூனையா பாத்துக் கொண்டா, அப்புறம் பேசலாம்” என்று சொன்னேன், அதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் அப்பா வேறு, பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்பிலும் கிண்டலுக்குக் குறைவில்லை, “என்னையே அதுல காலை நீட்ட விடமாட்டா, பூனையை விடுவாளாக்கும்” என்றார்.

என் மகள் வாதாடவில்லை, அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை... துண்டுகளைப் பலகையில் அறைந்து நாலு சனிக்கிழமை காப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள், பூனைகளின் முன்னால் வைத்து, எதை எத்தனை தடவை கீறின என்று நோட்டில் கோடு போட்டு எண்ணியிருக்கிறாள், பன்னிரண்டு வயசு! நேற்று பலகைகளை என் வெட்டுமேசையில் வரிசையாக வைத்தாள், “அம்மா, கீறாத பூனை கிடைக்கல, பூனை கீறாத துணி கிடைச்சிருக்கு.” வெல்வெட். ஒவ்வொரு பூனையும் முகர்ந்து பார்த்துவிட்டு அதுபாட்டுக்குப் போய்விட்டதாம். முரட்டு நெசவுத் துணியோ நார் நாராகக் கிடந்தது, அடக் கடவுளே, பூனை வளர்க்கிற வீட்டுக்காரர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வருடமாக அதைத்தானே கட்டைவிரல் நகத்தால் இழுத்துக் காட்டி, “இது கல்லு மாதிரிங்க, அசையாது” என்று தலையில் கட்டினேன், எத்தனை பேர் என்னை வாய்நிறைய வாழ்த்தினார்களோ! வெட்கமாக இருக்க வேண்டும், இல்லை, சிரிப்புதான் வருகிறது, கடைக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பலகையை எடுத்துக் காட்டுகிறேன், யார் செய்தது தெரியுமா, என் பெண், நூலைப் பார்க்கத் தெரிந்த கண்ணம்மா அது, யாருக்கு வரும்...

சரி, வீட்டு சோபாவுக்கு வெல்வெட் போட்டுவிடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, இனி என்ன சாக்கு இருக்கிறது எனக்கு? ஊசியைத் திண்டில் குத்திவிட்டுப் போனை எடுத்தேன். காப்பகத்து அம்மாவுக்கு என் குரல் கேட்டதுமே சந்தோஷம், “உங்க பொண்ணு தங்கம்ங்க, குட்டி எல்லாம் இருக்கு, அதை எல்லாரும் கேட்பாங்க, எனக்கு இந்தச் சாம்பல் பூனைதான்னு நின்னுட்டா.” பிறகு குரலைத் தாழ்த்தினாள், “அதுக்குப் பதினோரு வயசாச்சுன்னு சொன்னாளா?” சொல்லவில்லை. துணியைப் பற்றி அத்தனை சொன்னவள் இதைச் சொல்லவில்லை. “ரொம்ப நாள் இருக்காதும்மான்னு நானே எடுத்துச் சொன்னேன். அதுக்கு அவ, தெரியும் ஆன்ட்டி, இருக்கிற வரைக்கும் நான் பாத்துக்கறேன், எங்கம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க, அவங்க தாங்கமாட்டாங்கன்னா.” நானா? நான் தாங்கமாட்டேனா? நாளைக் காலையில் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன், குரல் கொஞ்சம் பிசிறியது, அந்த அம்மா கவனித்திருப்பாளோ என்னவோ, நெஞ்சு பெருமையில் விம்முகிறது என்றுதான் நினைத்தேன், என் பெண், என் பெண்... ஆனால் அவள் என்னை எப்போது இப்படி உற்றுப் பார்த்தாள், நான் பார்க்காதபோது?