தையல்காரியின் அம்மா

அந்தக் கிளை நூலகத்தில் பதினெட்டு வருடமாக நூலகராக இருந்த பெண்மணி, இல்லாத ஒருத்தியை உண்டாக்கினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாசகர்கள் ஒருவரோடொருவர் பேசட்டும் என்று கைபேசியில் ஒரு குழு தொடங்கியிருந்தார். முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் போட்ட கேள்விகளுக்கெல்லாம் கட்டைவிரல் படம்தான் பதிலாக வந்தது. ஆறு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கணவருடைய பழைய கைபேசியை எடுத்து, 'தையல்காரி' என்ற பெயரில் தானே இன்னொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்.

தையல்காரி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். அம்மா படுத்த படுக்கை. அதனால் நூலகத்துக்கு வர முடியாது. அடுத்த வீட்டுக்காரர்தான் புத்தகம் எடுத்துக்கொண்டு போவார். யாரும் நேரில் தேடிவிடக் கூடாதே என்பதற்காகச் சேர்த்த அம்மா அது. தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். பிடிக்காத கதையைக் கிழிகிழியென்று கிழிப்பாள். மேசையில் உட்கார்ந்து நூலகரால் சொல்ல முடியாததையெல்லாம் அவள் சொன்னாள். அவளோடு சண்டை போடவே நாலு பேர் எழுத ஆரம்பித்தார்கள். பிறகு பத்துப் பேர்.

நூலகரின் கணவர் எலக்ட்ரீஷியன். "காபி ஒருத்தருக்குப் போதுமா, அந்தம்மாவுக்கும் சேர்த்துப் போடவா?" என்று கேலி செய்வார். குழு சூடுபிடித்ததும் அவளை எங்காவது அனுப்பிவிடுவதாக நூலகர் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் எக்ஸ்ரேக்காரர் ஒருவர் அவளுக்கு எழுதத் தொடங்கிவிட்டார். 

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மனைவி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து, போன வருடம் இறந்துபோனார். சனிக்கிழமைதோறும் நூலகத்துக்கு வருவார். புத்தகத்தை நீட்டுவார், போய்விடுவார். நூலகரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. தையல்காரிக்குத் தனியாகப் பக்கம் பக்கமாக எழுதினார். மனைவிக்கு ஒரு நாவலைச் சத்தமாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாராம். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்றுபோனது. அதற்கு மேல் புரட்ட முடியவில்லை என்று எழுதினார். அவங்களுக்குக் கேட்கிற மாதிரியே அடுத்த பக்கத்தைப் படியுங்கள் என்று தையல்காரி பதில் போட்டாள். ஒன்பது நாளில் படித்து முடித்தார். ஒவ்வொரு நாளும் எழுதினார். நூலகர் அலமாரிகளுக்கு நடுவே நின்று அதைப் படித்து அழுதார். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் எதிரில் வந்து நின்றபோது, தேதி முத்திரையைக் குத்திப் புத்தகத்தைக் கொடுத்ததோடு சரி.

ஒரு சனிக்கிழமை பெரிய மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை, அதற்கான சின்ன மோட்டார். ஒரு வருடமாக யாரையும் தொடவிடவில்லையாம்.

"தையல்காரியோட அம்மாவுக்கு. கேட்டா வேண்டாம்னுடுவாங்க. விலாசம் உங்ககிட்ட இருக்குமே, அனுப்பிடுங்க" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு: "அனுப்பிடறேன்."

இரண்டு நாள் கழித்து, அம்மா நன்றாகத் தூங்கினாள் என்று தையல்காரி எழுதினாள். வீட்டுக்குள் இன்றைக்குத்தான் மூச்சு விட முடிகிறது என்று அவர் பதில் அனுப்பினார்.

மழைக்காலத்தில் பின்னறை ஒழுகியது. உதவிக்கு வர முடியுமா என்று நூலகர் குழுவில் கேட்டார். ஐந்து பேர் வந்தார்கள். ஒருவரையொருவர் முதல்முறையாக நேரில் பார்த்து, 'அடடே, நீங்கதானா அது' என்று சிரித்துக்கொண்டே பெட்டிகளை நகர்த்தினார்கள். எக்ஸ்ரேக்காரரும் சிரித்தார். பழைய செய்தித்தாள் கட்டுகளை எடுத்தபோது, அவற்றின் பின்னால் மெத்தை இருந்தது. அவர் மனைவியின் போர்வையில், அவரே போட்ட முடிச்சோடு.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து மேசைக்கு வந்தார்.

"அனுப்பலையா?"

"இல்லைங்க."

"அவங்க அம்மா நல்லாத் தூங்கினாங்கன்னு எழுதினாங்களே."

நூலகர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அம்மான்னு யாரும் இல்லைங்க. தையல்காரியும் இல்லை. நான்தான் எழுதினேன்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் எழுதினதெல்லாம் படிச்சது நீங்களா?"

"ஆமாங்க."

"எம் பொண்டாட்டி போனப்ப எல்லாரும் வந்து துக்கம் கேட்டாங்க" என்றார். "இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். குழுவிலிருந்தும் விலகிவிட்டார்.

இத்தோடு விட்டுவிடு, மற்றவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கணவர் எவ்வளவோ தடுத்தார். நூலகரால் முடியவில்லை, உள்ளதைக் குழுவில் எழுதிவிட்டார். 'அப்ப நானாவது நிஜமா?' என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். சிலர் சிரித்தார்கள். மறுநாள் ஒருத்தி, தன்னோடு மாதக்கணக்காகப் பேசி வந்தவளிடம் புகைப்படம் கேட்டாள். அவள் கோபித்துக்கொண்டு போனாள். பத்தே நாளில் குழு பழையபடி ஊமையானது. பெட்டி தூக்க வந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் நூலகத்துக்கு வருகிறார்கள். ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறார்கள்.

நூலகர் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரேக்காரர் கதவைத் திறந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை இவரைப் பார்த்தார்.

"சீட்டு இருக்கா?"

"இல்லைங்க, உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"சீட்டு இல்லாம உள்ள விட மாட்டோம்மா."

குரலில் கோபம் இல்லை. யாரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நூலகர் மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

அடுத்த வாரம், திருப்பித் தரும் பெட்டியில் எக்ஸ்ரேக்காரருடைய இரண்டு புத்தகங்களும் உறுப்பினர் அட்டையும் கிடந்தன. நூலகர் அவர் பெயரை நீக்கும் படிவத்தை எடுத்தார். காரணம் என்ற கட்டத்துக்கு முன்னால் பேனா நெடுநேரம் நின்றது. கடைசியில் 'வெளியூர் மாற்றம்' என்று எழுதினார்.