பாட்டு வந்தால் சாப்பாடு

எங்கள் தியேட்டரில் படம் ஓட்டுகிற பூத்தில் மேனேஜர் ஒரே ஒரு எறும்பைப் பார்த்துவிட்டார். அது தனியாகத்தான் வந்திருந்தது. படம் பிடிக்காமல் வெளியே போய்க்கொண்டிருந்ததாகக்கூட இருக்கலாம். மறுநாளே கதவில் தாள் ஒட்டியாயிற்று: பூத்துக்குள் யாரும் சாப்பிடக்கூடாது. அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பழைய தாள் இருக்கிறது: படம் ஓடும்போது பூத்தை விட்டுப் போகக்கூடாது. காலையில் முதல் காட்சி தொடங்கினால் எங்கள் ஷிஃப்ட் முடியும்வரை ஏதாவது ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு தாளையும் சேர்த்துப் படித்தால், ஆபரேட்டர் வயிறில்லாமல் பிறந்தவர் என்று அர்த்தம்.

கேன்டீனில் பாப்கார்ன் மெஷினுக்கடியில் எறும்புகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன. அங்கே எந்தத் தாளும் இல்லை. மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் பினாயில்.

இரண்டு அரங்குகளுக்கும் நடுவே உள்ள நீள அறைதான் பூத். இந்தப் பக்க மெஷின் என்னுடையது, அந்தப் பக்க மெஷின் அக்காவுடையது. கூடப் பிறந்த அக்கா அல்ல, கூட வேலை பார்க்கிற அக்கா. சர்க்கரை உள்ளவர். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்வார். போட்டுவிட்டால் உடனே சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் ஆளைச் சாய்த்துவிடும்.

பூத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவதில்லை. படத்தைப் பார்த்துத்தான். இப்போது ஓடும் படத்தில் நாயகி அழுதுகொண்டே பஸ் ஏறினால் அக்கா ஊசியை எடுப்பார். அடுத்தது நீளமான சோகப் பாட்டு. அதில் எங்களுக்கு வேலையே கிடையாது, அழுகிற வேலை ஜனங்களுடையது. பாட்டு முடிவதற்குள் டப்பா காலியாகிவிடும். தாள் ஒட்டிய பிறகு ஒரே ஒரு திருத்தம். டப்பா வெளியே, தீயணைக்கும் குழாய்ப் பெட்டி மேல் இருக்கும். அக்கா வாசற்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவார்.

"கால் உள்ள இருக்கு, வாய் வெளிய இருக்கு. எந்தச் சட்டத்துல பிடிப்பாரு என்னை?"

அன்றைக்கு நாயகி பஸ் ஏறினாள். அக்கா ஊசி போட்டுக்கொண்டார். பாட்டு வரவில்லை. திரையில் 'இடைவேளை' வந்து நின்றது.

"டேய் தம்பி, பாட்டு எங்கடா?"

கூடுதலாக ஒரு காட்சி ஓட்டுவதற்காக, பாட்டை வெட்டிய பிரதியை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே ஏற்றிவிட்டிருந்தார் பினாயில். பூத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடைவேளை ஊருக்கெல்லாம் ஓய்வு, எங்களுக்குத்தான் மூச்சு முட்டும். விளக்கு, விளம்பரம், சத்தம், எல்லாம் கைவேலை. எல்லாவற்றையும் முடித்து, மறுபாதியை ஓடவிட்டு, அக்கா கதவைத் திறந்தால் பெட்டி மேல் டப்பாவைக் காணோம்.

இன்டர்காமில் கேட்டேன்.

"வழியில கெடந்துச்சு, எடுத்து ஆபீஸ்ல வச்சிருக்கேன்," என்றார் பினாயில். "ஷோ முடிஞ்சதும் வந்து வாங்கிக்கட்டும்."

"சார், அவங்க ஊசி போட்டுட்டாங்க."

"நல்லதுதானே, உடம்பைப் பாத்துக்கட்டும்." வைத்துவிட்டார்.

திரும்பினால் அக்கா ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஏசி குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை, கையெல்லாம் நடுக்கம். என்னைக் கூப்பிட வாயெடுத்தவர் படத்து நாயகனின் பெயரைச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் அதை வைத்தே அவரை ஒரு வாரம் கிண்டலடித்திருப்பேன்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. படம் ஓடும்போது போகக்கூடாது, அவ்வளவுதானே? என் மெஷினை நிறுத்தினேன். அக்காவின் மெஷினையும் நிறுத்தினேன். இரண்டு அரங்கிலும் விளக்கைப் போட்டேன். இப்போது எதுவும் ஓடவில்லை. நான் ஓடினேன்.

கேன்டீனில் ஒரு ஜூஸ் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வந்து அக்காவின் வாயில் வைத்தபோது, பினாயில் மூச்சிரைக்க வாசலில் நின்றார்.

"யாரைக் கேட்டுடா நிறுத்தின? ஐயையோ, உள்ளயேவா குடிக்கிறாங்க?"

"இல்ல சார், மெஷினுக்கு ஊத்துறேன். டப்பா எங்க?"

"என்ன திமிருடா உனக்கு..."

"டப்பாவை எடுத்துட்டு வாய்யா!"

இரண்டு அரங்கிலும் கேட்டிருக்கும். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் கத்தினேன். ஆனால் அதே நேரம் கீழேயிருந்து கேன்டீன்காரர் கூவினார்: "சார், படம் நின்னதும் இங்க கூட்டம் அள்ளுது! பாப்கார்ன் சுத்தமா காலி!"

பினாயிலின் முகத்தில் விளக்கு எரிந்தது. குரல் தேனாகிவிட்டது. "அவசரமில்ல தம்பி. மெதுவாவே படத்தைப் போடு."

அக்கா பிழைத்தாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டப்பாவை நானே போய் எடுத்து வந்தேன்.

மறுநாள் மூன்றாவது தாள்: இனி எல்லாக் காட்சிக்கும் இரண்டு இடைவேளை. பழைய தாள்கள் இரண்டும் அப்படியே இருந்தன. கிழிக்கப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டார்.

"விடுடா. ரெண்டாவது இடைவேளையில விளக்கு, விளம்பரத்தை மட்டும் நீ பாத்துக்க."

அன்றைக்கு இரண்டாவது இடைவேளைக்குப் படம் நின்றது. அக்கா டப்பாவோடு நேரே ஆபீசுக்குப் போய், பினாயிலின் மேஜையில் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து திறந்தாராம். படமும் ஓடவில்லை, அது பூத்தும் இல்லை. கேன்டீன் கூட்டம் உள்ளே திரும்பிவிட்டது. விசில் பறந்தது. ஆபீசிலிருந்து அக்கா இன்டர்காமில் கூப்பிட்டார். எடுத்தால் பின்னணியில் பினாயில் கெஞ்சுவது கேட்டது.

"எந்திரிங்கம்மா, ஜனம் கத்துது!"

"கத்தட்டும் சார். மெதுவா மென்னு சாப்பிடச் சொல்லியிருக்காரு டாக்டர்." பிறகு என்னிடம், நிறைந்த வாயோடு, "தம்பி, நான் கை கழுவிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் சுவிட்சைத் தொட்டுடாத."