எக்காளம் தூங்கிய மதியம்

சலவைக்கூடத்தில் அவளுக்கு எக்காளம் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. வாயைத் திறந்தால் கடைசி எக்காளம், கடைசி நாள், விசுவாசிகளை மட்டும் கர்த்தர் வந்து வானத்துக்கு எடுத்துக்கொள்ளும் ரகசிய வருகை. துணி வேகும் தொட்டி கொதித்தால், "அந்த நாள்ல பூமி இப்படித்தான் வெந்து உருகும்" என்பாள். மின்சாரம் போனால், "சூரியனே இருண்டு போகும்போது இதெல்லாம் எந்த மூலைக்கு?" என்பாள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவளைச் சீண்டாமல் பொழுது போகாது.

"எக்காளம் அக்கா, அவர் வர்றதுக்குள்ள இந்த ஒரு வண்டிப் போர்வைய முடிச்சிடலாமா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. நோவா பேழை கட்டினப்பவும் இப்படித்தான் சிரிச்சாங்க. மழை வந்தப்புறம் ஒருத்தன் வாயிலயும் பல்லு தெரியல."

அவளுக்குக் கோபம் வராது. தன் இடம் மேலே உறுதியாகிவிட்டது என்று நம்புகிறவர்களுக்குக் கீழே இருப்பவர்கள்மேல் லேசில் கோபம் வருவதில்லை. கோபம் வந்தது ஒரே ஒருத்தியிடம். அவள் எக்காளத்தின் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. வீட்டில் இவள் பெரியவள், அவள் சின்னவள். ஒரே வீடு, ஒரே சமையலறை. போதாக்குறைக்கு ஒரே வேலை.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை அந்தக் கூடத்தில் துவைத்து, பெரிய சூட்டு உருளைக்குள் விட்டுத் தேய்ப்பார்கள். உருளையின் மறுபக்கம் வெந்து வெளியே வரும் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, பின்னால் நகர்ந்து, விறைப்பாக இழுத்து, முன்னால் வந்து ஒருத்தி கையிலிருப்பதை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். நாளெல்லாம் அப்படி எதிரெதிரே வந்து வந்து பிரிகிற வேலை. அதில் பெரியவளுக்கு ஜோடி சின்னவள்தான்.

இரண்டு பெண்கள் ஒரே இடத்தில் மாவு அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள் என்று வேதத்தில் வருகிறதே, அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் பெரியவளின் கண்ணுக்கு மாவு ஏந்திரம் தெரியாது, உருளைதான் தெரியும். யார் எடுக்கப்படுவாள், யார் விடப்படுவாள் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. சின்னவள் ஆராதனைக்கு இரண்டாம் பாட்டு முடிந்துதான் வருவாள், பிரசங்கத்தில் தூங்கி வழிவாள், விரிப்பு மடிக்கும்போது சினிமாப் பாட்டை முணுமுணுப்பாள், உதட்டுக்குச் சாயம் வேறு. நியாயத்தீர்ப்பு நாள்வரை பொறுத்திருக்க முடியாமல் பெரியவள் தீர்ப்பைத் தானே எழுதி வைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் முதுகு தெரியும், அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது.

எட்டு மாதத்துக்கு முன் சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். தான் கண்ட கனவைச் சொன்னாள். வானம் திறந்தது, எக்காளம் முழங்கியது, தன் கால் தரையை விட்டு எழும்பியது. பாதி வழியில் கீழே பார்த்தாளாம். அங்கே உருளைக்குப் பக்கத்தில் விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தபடி, எதிரே ஆளில்லாமல், தன் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாளாம். இதை அவள் சொன்ன நொடியில் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சின்னவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு ஒட்டுவாரொட்டி அல்லவா, வரிசை வரிசையாகப் பரவி போதகர் வரைக்கும் போய்விட்டது. பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. வேலையில் மட்டும் மூன்று சொல்: பிடி, இழு, கொடு. வீட்டில் அதுவும் இல்லை.

பெரியவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். கடைசி நாட்களின் அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். யுத்தம், பூமியதிர்ச்சி, பஞ்சம், கொள்ளைநோய் என்று தலைப்புப் போட்டு, பத்திரிகையில் வரும் செய்திகளை வெட்டி ஒட்டுவாள். எல்லாப் பக்கமும் நிரம்பி வழிந்தன. அநேகருடைய அன்பு தணிந்துபோகும் என்ற பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்கு ஏற்ற செய்தி பத்திரிகையில் வரவில்லை என்று அவளுக்கு ஒரு குறை.

அந்த மதியம் அவளுக்குக் காதுவலி. எண்ணெயில் நனைத்த பஞ்சை இரண்டு காதிலும் அடைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில், இருப்பு அறைக்குள் அப்போதுதான் கொண்டுவந்து அடுக்கிய சூடான போர்வைகளின் மேல் ஐந்து நிமிஷம் சாயலாம் என்று சாய்ந்தாள். சூடும் வெள்ளையுமாக அந்த அறை அவளை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது.

விழித்தபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று தெரியவில்லை. கதவைத் திறந்தாள். கூடம் முழுக்க வெண்மை.

ஆவி எப்போதும் இருப்பதுதான். இது அப்படியில்லை. இடுப்புவரை தரையில் கிடந்து, மேலே கலைந்து கலைந்து, மங்கல் கண்ணாடி வழியாக வந்த வெயிலைக் குடித்து ஒளிர்ந்தது. அவள் நடக்க நடக்க விலகி வழிவிட்டு, பின்னால் போய் மூடிக்கொண்டது. சத்தமே இல்லை. தன் மூச்சு மட்டும் தலைக்குள் கேட்டது. தான் நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. ஒரு கணம் அது இதமாகக்கூட இருந்தது.

காலில் ஏதோ தட்டியது. ரப்பர் ஏப்ரன். தொட்டிக்கு முன்னால், ஆள் நிற்கும் அதே இடத்தில், கழன்று விழுந்த மாதிரி கிடந்தது. இரண்டடி தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. ஒவ்வொரு இயந்திரத்துக்கு முன்னாலும் ஒரு ஏப்ரன். உள்ளே ஆள் இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தேய்த்த மருத்துவர் அங்கிகளை மேல்மாடிக்குக் கொண்டுபோகும் சங்கிலிக் கம்பி தானாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை அங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக, லேசாகக் கையசைத்தபடி, ஆவிக்குள்ளிருந்து எழுந்து கூரையின் திறப்பு வழியாக மேலே போய்க்கொண்டிருந்தன.

"வந்துட்டாரா?" என்றாள். தன் குரல் தனக்கே யாரோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்டது.

ஏப்ரன் ஏப்ரனாகப் போய்ப் பார்த்தாள். இது தொட்டிக்காரருடையது. சனிக்கிழமை தவறாமல் குடிப்பவர். அவருமா? இது சூப்பர்வைசருடையது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. அந்த ஆளுமா? வரிசையில் கடைசியாக நின்றிருக்க வேண்டியவர்களெல்லாம் போய்விட்டார்கள். இத்தனை வருஷமாக மூட்டை முடிச்சோடு தயாராக உட்கார்ந்திருந்தவள் தூங்கிவிட்டாள். மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளும்தான் தூங்கினார்கள் என்று ஒரு கணம் மனதைத் தேற்றிப் பார்த்தாள். ஆனால் அதில் ஐந்து பேரிடம் விளக்குக்கு எண்ணெய் இருந்தது. தன்னிடம் இருந்த எண்ணெயெல்லாம் காதுப் பஞ்சில் இருப்பது நினைவுக்கு வந்தபோது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

உருளைக்குப் போகக் கால் வரவில்லை. ஆனாலும் போனாள்.

சின்னவளின் ஏப்ரன் அங்கே கிடந்தது. அதன்மேல் பாதி மடித்த விரிப்பு ஒன்று. பெரியவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போய்விட்டாள், நான் நிற்கிறேன்.

பொறாமை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவளுக்கு வந்தது வேறு. கனவில் மேலே போகும்போது சின்னவளைக் கீழே பார்த்தாளே, அப்போது தனக்குக் கொஞ்சங்கூட வலிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. வலிக்காதது மட்டுமா, ஒரு ஓரத்தில் இனித்தது. நோட்டில் வெறுமையாக இருந்த பக்கத்துக்குச் செய்தி தேடி அலைந்தாள், பத்திரிகைக்காரன் எங்கிருந்து போடுவான்? அது அவள் சமையலறையில், எட்டு மாதமாக, இரண்டு தட்டு தனித்தனியாகக் கழுவி வைக்கும் இடத்தில் இருந்தது.

"கர்த்தாவே, என்னை விட்டுட்டது சரிதான்" என்றாள். பயந்துபோய்ச் சொல்லவில்லை, மனதறிந்துதான் சொன்னாள். ஏப்ரனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அது இன்னும் ஈரமாக இருந்தது.

ஆவிக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் தோளைப் பிடித்தது.

அவள் திரும்பவில்லை. யாருடைய கை என்று பார்க்கத் துணிவில்லை. அந்தக் கை தோளை உலுக்கியது, கன்னத்தைத் தட்டியது, பிறகு இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி எறிந்தது. உலகத்தின் இரைச்சலெல்லாம் ஒரேயடியாக உள்ளே புகுந்தது. சங்கிலியின் கடகடப்பு, எங்கோ குழாய் சீறும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கத்தல்.

"எழுந்திருங்கக்கா! பாய்லர் பிரஷர் எகிறிடுச்சு, எந்த நிமிஷமும் வெடிக்கும்! சைரன் அடிச்சது காதுல விழலையா?"

முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு சின்னவள் நின்றாள். கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

"நீ போகலையா?" என்றாள் பெரியவள்.

"எங்க போக? உங்கள விட்டுட்டா? வாங்கன்னா!"

அவள் இழுத்த இழுப்பில் பெரியவளின் கால் நிஜமாகவே தரையில் பாவவில்லை. இருவரும் பின்கதவு வழியாக வெளியே வந்து விழுந்தார்கள்.

முற்றத்தில் வெயில் பளீரென்று அடித்தது. பாய்லர்காரரைத் தவிர எல்லோரும் அங்கே நின்றிருந்தார்கள், தொட்டிக்காரர், சூப்பர்வைசர், ஒருவர் விடாமல். ஆபத்து என்றால் ஏப்ரனை நின்ற இடத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது கூடத்தின் விதி. கனமான ரப்பர், எதிலாவது மாட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு இரண்டு முறை பெரியவளே அப்படி ஒத்திகை பார்த்தவள்தான். பயம் வந்தால் பழகியதெல்லாம் மறந்துபோகிறது.

சூப்பர்வைசர் சின்னவளைப் பார்த்துக் கத்தினார். "யாரக் கேட்டு உள்ள போன? பேர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், புடிக்கப் புடிக்கக் கையத் தட்டிட்டு ஓடுற! உசுரு மேல ஆசையே இல்லையா?"

"அக்கா உள்ள இருந்தாங்க சார்" என்றாள் சின்னவள், அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல.

உள்ளே பாய்லர்காரர் எப்படியோ வால்வைத் திறந்துவிட்டார். புகைபோக்கி வழியாக ஆவி பீறிட்டு ஒரு பெரிய வெள்ளை மேகமாக வானத்தில் ஏறியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பெரியவள் மட்டும் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த சின்னவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், நடுவிலிருந்து தொடங்கினாள்.

"கனவுல உன்னக் கீழ பார்த்தேன்னு சொன்னேன்ல. அப்ப எனக்கு வலிக்கவே இல்லம்மா. அத நான் சபையில சொல்லல."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"உங்க குரல்லயே தெரிஞ்சுது." சின்னவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். உதட்டுச் சாயம் கன்னம்வரை இழுபட்டது. "அத்தன பேர் முன்னாடி என்ன விட்டுட்டுப் போனீங்க. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழுதா மானம் போயிடும்னுதான் சிரிச்சேன். எல்லாரும் கூடச் சிரிச்சுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அன்று குலுங்கிய தோள்கள் பெரியவளின் கண்முன் வந்தன. மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல், முற்றத்தில் அத்தனை பேர் பார்க்க, அவள் ஓவென்று அழுதாள்.

"என்ன மன்னிச்சிடும்மா. இனிமே அவரே வந்து கூப்பிட்டாலும் உன்ன விட்டுட்டு நான் போக மாட்டேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா. கூப்பிட்டா போங்க. ஆசையா காத்துக்கிட்டு இருக்கீங்க." சின்னவள் துண்டை மடித்து மடியில் வைத்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "போகும்போது எம்பேர மட்டும் ஒரு தடவ அவர்கிட்ட சொல்லிடுங்க. போதும்" என்றாள்.

பெரியவள் முப்பது வருஷமாக விடியற்காலையில் முழங்கால் போடுகிறவள். தேசங்களுக்காக, ராஜாக்களுக்காக, முகம் தெரியாத தீவு மக்களுக்காகவெல்லாம் மன்றாடியவள். அத்தனை ஜெபத்திலும் அந்தப் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

போகும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலிலேயே கண்ணை மூடி, கர்த்தரிடம் அவள் பெயரைச் சொன்னாள்.