கழுவாத கத்தி

சாலம்மாள் சாக்கைப் பிரித்துப் போலீஸ் ஸ்டேஷன் மேசைமேல் கொட்டியதும் மகள் வளர்மதி எழுந்துவிட்டாள்.

ஏழு கத்திகள். ஏழும் பளபளத்தன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கல்லில் தீட்டி, பிடிக்கு எண்ணெய் தடவி, ஒவ்வொரு அலகிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. ஸ்டேஷன் ஜன்னலில் வந்த வெயில் கத்திகளில் பட்டு, எதிர்ச்சுவரில் மீன்குஞ்சுகள் போல நெளிந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணின?" என்றாள் வளர்மதி.

"பெரியவங்க முன்னால வைக்கிற பொருளு. பிசினும் மண்ணுமாவா கொண்ணாருவாங்க?"

தப்பு அம்மாவுடையது என்று சொல்லிவிட முடியாது. காலையில் போனில் வளர்மதி சொன்னது, 'போலீசு கேக்குது, கத்தியெல்லாம் பத்திரமா எடுத்துட்டு வா' என்பது மட்டும்தான்.

தம்பி ராஜேஷுக்கு வயது பத்தொன்பது. கல்வராயன் மலையில் ஊர் ஊராகப் போய்ப் பழைய கத்திகளைக் கேட்டு வாங்கிவந்து சுவரில் மாட்டுவான். ஒரு ஊர்க் கத்தி கொக்கு மூக்கு போல வளைந்திருக்கும். பக்கத்து ஊர்க் கத்திக்கு அந்த வளைவே இருக்காது. அக்கம்பக்கத்தில் யாருக்குத் தேவையோ அவர்கள் வந்து எடுத்துப்போய் வேலை முடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். போன வாரம் எட்டுக் கத்திகளையும் பாயில் வரிசையாக அடுக்கி, அதிரும் பாட்டு ஒன்றைப் போட்டு வீடியோ விட்டான். அதைப் பார்த்த போலீஸார் இன்று காலை வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் அவனைப் பிடித்து, மலையடிவாரத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வளர்மதி கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். வக்கீல் சுப்புராயன் திருக்கோவிலூரில் ஒரு வழக்கில் இருந்தார். அவர் போனில் சொன்ன பக்கத்தை அவளே சட்டப் புத்தகத்தில் தேடிப் படித்தாள். அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் அது ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை வராது.

"அப்போ நம்ம பக்கம்தான சார்?"

"பார்த்தா வேலைக் கத்தின்னு தெரியணும்மா. கறை, தேஞ்ச முனை, உடைஞ்ச பிடி, அதுதான் நமக்குச் சாட்சி" என்றிருந்தார் சுப்புராயன். அவர் அதைச் சொன்னபோது அம்மா பஸ் ஏறியிருந்தாள்.

எஸ்.ஐ. செந்தமிழ்ச்செல்வி ஒரு கத்தியின் கூர்மையை நகத்தில் வைத்துப் பார்த்தார்.

"மீசை மழிக்கலாம் போல இருக்கே."

"மரவள்ளி வெட்டுறதுங்கம்மா அது" என்றாள் சாலம்மாள். "இது மூங்கில் பொளக்க. இந்தக் குட்டை, சாமை அறுக்க."

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா ஆள வெட்டப் போறவனும் இதே மாதிரி பொட்டு வச்சுதான் எடுத்துக்கினு போறான். இன்ஸ்பெக்டர் ஐயா ஆறு மணிக்கு வருவாரு. வேலைக் கத்தின்னு அவருக்குத் தோணுச்சுன்னா எழுதி வாங்கிக்கினு வுட்டுடுவாரு. இல்லாங்காட்டி கேசுதான். இன்னைக்கே ரிமாண்டு." பிறகு எண்ணிப் பார்த்தார். "வீடியோவுல எட்டு இருந்துச்சே. மீதி ஒண்ண எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கலைங்க. காசியம்மா பலாக்கா வெட்ட வாங்கிக்கினு போச்சு."

கம்பிக்குப் பின்னாலிருந்து ராஜேஷ் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அக்கா, அதுல பிசினு அப்படியே இருக்கும்."

வளர்மதி வாசலுக்கு ஓடினாள். இரவல் வாங்கிய கத்தியை அழுக்கோடு திருப்பிக் கொடுப்பவர் மலையில் யாருமில்லை. காசியம்மாள் அத்தை அதில் இன்னும் கறார். முதல் தடவை போன் போகவில்லை. இரண்டாவது தடவை மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாவதில் எடுத்தாள்.

"யாரு, வளரா? நல்ல நேரத்துல கூப்ட பாப்பா. உங்க கத்தியத்தான் தேச்சிக்கினு இருக்கேன். போலீசு கேக்குதாமே. உங்கம்மா மானம் போவக்கூடாதுல்ல?"

"அத்தை, தேக்காத. கையை எடு."

மறுமுனையில் கல்லில் உரசும் சத்தம் நின்றது.

"இன்னாடி இது? ஊரே கழுவிக் குடுன்னு சொல்லும், நீ ஒருத்திதான் கழுவாதன்ற."

"எங்கயாவது பிசின் மிச்சம் இருக்கா? நல்லாப் பாரு அத்தை."

"மண்ணெண்ணெ போட்டு எல்லாத்தையும் எடுத்துட்டனே." கத்தியைக் கல்மேல் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. "பிடிய இறுக்குற இரும்புப் பூண் இடுக்குல கருப்பா இருக்குது. பலா நாரு ரெண்டு மாட்டிக்கினு இருக்குது. அத முள்ளால நோண்டி எடுத்துடலாம்னு…"

"நோண்டாத. அதை வச்சுதான் தம்பி வெளிய வரணும். துணியில சுத்தி, வர்ற பஸ்ல கண்டக்டர் கையில குடு. ஸ்டேஷன் வாசல்ல நான் நிக்கறேன்."

"அந்த பஸ்ஸு கீழ வர ஆறரையாவுமேடி."

உள்ளே போனபோது அம்மா முந்தானையில் எச்சில் தொட்டு, ஒரு கத்தியின் குங்குமத்தை அழித்துக்கொண்டிருந்தாள். வளர்மதி அவள் கையைப் பிடித்தாள். "விடும்மா. இனிமே எதையும் துடைக்காத. எட்டாவது கத்தி ஆறரைக்குப் பஸ்ல வருது, பலா நாரோட." அம்மாவின் விரல்கள் சிவந்திருந்தன.

பொழுது சாய்ந்தது. வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் வளர்மதி. இருட்டில் மலை ஒரு பெரிய மிருகம் போலப் படுத்திருந்தது. அதன் முதுகில் ஒரு சின்ன வெளிச்சம், வளைவுக்கு வளைவு மறைந்தும் தெரிந்தும் இறங்கி வந்தது. அந்த வெளிச்சத்துக்குள் இரண்டு பலா நார்கள் இருந்தன.

பஸ்ஸுக்கு முன் ஜீப் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். எஸ்.ஐ. சல்யூட் அடித்துவிட்டு வளர்மதியை ஒரு முறை பார்த்தார். பிறகு, "ஐயா, டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

"சொல்லும்மா. யாரு இந்தப் பொண்ணு?"

மலையில் வெளிச்சம் கடைசிக்கு முந்தின வளைவில் மறைந்தது. வளர்மதி அவர் வழியை மறித்துக் கை கூப்பினாள். காலையில் படித்த பக்கத்தை நினைவில் விரித்து, முதல் வரியிலிருந்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.