தரையிறங்காத பாலம்

“நீ அதுகிட்ட என்னத்தச் சொல்லித் தொலைச்சே, இப்படிக் கோவிச்சுக்கிட்டு நிக்குது?” என்று மாமியார் அவளைக் கேட்ட காலையில், தண்டவாளத்தைத் தாண்டுவதற்காகக் கட்டிய இரும்பு நடைபாலத்தின் இந்தப் பக்கத்துப் படிக்கட்டு, தரையை விட்டு எழும்பி ஆள் உயரத்தில் நின்றது. அந்தப் பக்கத்துப் படிக்கட்டு ஒழுங்காகத் தரையில்தான் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வெல்டிங் முடித்தபோது இந்தப் பக்கமும் அப்படித்தான் இருந்தது. வெல்டிங்காரர் வந்து அடியில் குனிந்து பார்த்தார், ஒரு குச்சியை விட்டு இப்படியும் அப்படியும் ஆட்டினார், தன் வேலையில் குறை இல்லை என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் ஏறினார்.

பாலத்துக்குப் பொறுப்பு அவள்தான். அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சொன்னால் தெரு கேட்கும் என்று அவள் வேலை பார்த்த ரயில்வே தலைமை அலுவலகம் அவளைப் போட்டது. அவளும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏனென்றால் அவள் மகள் தினமும் மூடிய ரயில்வே கேட்டுக்கு அடியில் நுழைந்து, வருகிற ரயிலுக்கு முன்னால் ஓடித்தான் பள்ளிக்கூடம் போனாள். ஆனால் தெரு பிழைத்ததே அந்த மூடிய கேட்டால். ரயிலுக்காக நின்றவர்கள் அவள் கொழுந்தன் கடையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டார்கள். சலூனில் முகம் மழித்துக்கொண்டார்கள். ஒரு கன்னம் முடிந்ததும் கேட்டு திறந்துவிட, மறு கன்னத்துக்கு மறுநாள் வந்தவர்களும் உண்டு. மாமியார், நிற்கிறவர்கள் சட்டையைக் கழற்றாமலே பித்தான் தைத்துக் கொடுத்தாள். பாலம் வந்தால் யார் நிற்பார்கள்? பாலத்துக்காக அவள் கூட்டிய கூட்டத்தில் இதை ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் அதைச் சம்மதம் என்று எழுதி அனுப்பினாள். அந்தத் தெருவில் தலையாட்டினால் பேச்சைச் சீக்கிரம் முடி என்று அர்த்தம். இத்தனை வருஷம் அங்கே குடும்பம் நடத்தியும் அது அவளுக்கு உறைக்கவில்லை.

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பாலத்தால் என்னென்ன நன்மை என்று விளக்கினாள். ஒவ்வொரு விளக்கத்துக்கும் படிக்கட்டு இன்னும் கொஞ்சம் மேலே போனது. நிழலுக்காக அதன் அடியில் மாடுகள் வந்து படுத்தன. “அண்ணி, இன்னும் ரெண்டு வார்த்தை பேசுங்க, நிலாவுக்கே போயிரலாம்” என்றான் கொழுந்தன். மழைக்காலத்தில் அதிகாரி ஒருவர் வருவார் என்றும், படிக்கட்டு இறங்காவிட்டால் பாலத்தைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றும் தலைமை அலுவலகம் சொல்லியனுப்பியது.

பேசிப் பேசி ஒரு நாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சலூன் பெஞ்சில் போய்ச் சும்மா உட்கார்ந்தாள். சலூன்காரருக்கு அது வாகாகப் போயிற்று. “எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு உக்காந்திருக்கியேம்மா, நல்லாருக்கா?” என்று ஆரம்பித்தவர், பாலத்தைத் திட்டினார், அவளைத் திட்டினார், அவள் புருஷனுக்குச் சின்ன வயதில் ஓசியில் மொட்டை போட்டதைச் சொல்லிக் காட்டினார். அவர் திட்டத் திட்ட, வெளியே படிக்கட்டு தூக்கத்தில் நடக்கிறவரைப் போல மெல்ல ஒரு முழம் இறங்கியது. மாடுகள் எழுந்து தள்ளிப் படுத்தன.

அதன் பிறகு அவள் வரைபடத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வீடு வீடாகப் போய், அவர்கள் சொல்வதைக் கேட்டாள். கேட்டதையெல்லாம் ராத்திரி அதில் வரைந்தாள். பாலத்தின் நடுப்பகுதி அகலமானது, கூரை வந்தது, உட்கார்ந்து ரயில் பார்க்கப் பெஞ்சுகள் வந்தன, சலூன் நாற்காலிக்கும் காற்றடிக்கிற பம்புக்கும் மாமியாரின் நூல் டப்பாவுக்கும் இடம் வந்தது. வரைந்தபடியே வேலையும் நடந்தது. அதிகாரி வருவதாகச் சொன்ன மழைக்காலம் போனது, அதற்கடுத்ததும் போனது. மகள் இரண்டு வகுப்பு ஏறினாள், இன்னும் குனிந்தே ஓடினாள். படிக்கட்டு இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, ஒரு சாண் இருக்கையில் நின்றுவிட்டது. எல்லோரும் மனசார ஒத்துக்கொண்டாயிற்றே, இது யாருடைய சாண் என்று அவள் தேடினாள்.

அது கேட்டுக்காரருடையது. அன்று கூட்டத்தில் முதலில் தலையாட்டியவர் அவர்தான், அதனால் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

“மனசுல என்னண்ணே?”

“ஒண்ணுமில்லம்மா.” கொடியைச் சுருட்டினார், விரித்தார். “இங்க நின்ன மூஞ்சி அத்தனையும் எனக்குத் தெரியும். யாரு இளைச்சிருக்கா, யாரு அழுதுட்டு வர்றான்னு தெரியும். இனிமே எல்லாம் தலைக்கு மேல போயிரும். செருப்போட அடிப்பக்கம்தான் தெரியும்.”

“நீங்களும் மேல வந்து உக்காருங்களேன்.”

“கேட்டை யாரு பாத்துக்குவா, உன் மாமியாரா?”

வரைபடத்தில் எங்கே எதை வரைந்தாலும் இதற்கு மருந்தில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு சொன்னாள்: “அப்ப அந்த ஒரு சாண் உங்களோடதாவே இருக்கட்டும்ண்ணே. நான் கேக்க மாட்டேன்.” அவர் தலையாட்டவில்லை. அதனால் அவருக்குச் சம்மதம் என்று அவள் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் காலை தெரு பாலத்தில் ஏறியது. மிதக்கிற படியில் காலை வைக்க யாராக இருந்தாலும் ஒரு நொடி நிற்க வேண்டியிருந்தது. கைப்பிடி கேட்டுக்காரரின் அறைப் பக்கம் இருந்ததால், நிற்கிற முகம் அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியது. அவள் மகளும் நின்றாள், திரும்பினாள், ஏறினாள். கீழே ரயில் போயிற்று.

அதிகாரி அந்த வாரம் வந்தார், பாலத்தைக் கழற்றுகிற ஆட்களோடும் அளக்கிற டேப்போடும். படிக்கு அடியில் கையை விட்டார். விரல்களில் காற்று பட்டது. மேலே இருந்து ரேடியோ பாட்டும் கத்தரிக்கோல் சத்தமும் கேட்டன. சைக்கிளைத் தோளில் தூக்கிய ஒருவர், “சார், வழி” என்று சொல்லி ஏறிப் போனார். அதிகாரி டேப்பைச் சட்டைப் பையில் போட்டார். காலைத் தூக்கினார், ஒரு நொடி நின்றார், ஜன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்தார். பிறகு ஏறி, அந்தப் பக்கமாக இறங்கி, கழற்ற வந்த ஆட்களையும் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.