எழுபது டிகிரி விஞ்ஞானி

தச்சு வேலை செய்கிற அவள் கணவனுக்கு ஒரு வாரமாக வீட்டில் ‘விஞ்ஞானி’ என்றுதான் பெயர். எல்லாம் அவள் பின்பக்க அறையில் போட்ட பெண்கள் சலூனால் வந்தது. பத்து வருஷம் இன்னொருத்தி கடையில் ஏச்சு வாங்கியது போதும் என்று வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். நாற்காலி, கண்ணாடி, தலை கழுவும் தொட்டி எல்லாம் ஜோர். அறைதான் ஐஸ்பெட்டி. போன வாரம் வந்த தலைமையாசிரியை, தலையைக் கழுவியதும் பல் தந்தியடிக்க, முடி வெட்டாமலே ஓடிப்போனார்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு தடவை வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா என்னை மறந்துடும்மா."

அந்த அம்மா பள்ளிக்கூட வாசலில் ஒரு வார்த்தை சொன்னால் நூறு தாய்மார் காதில் விழும். அப்புறம் பழைய முதலாளியம்மா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கணவன் சும்மா இருப்பானா? வெயில் விழும் வெளிச்சுவரில் கதவளவு மரப்பெட்டி ஒன்றைச் சாய்த்து வைத்தான். உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம், மேலே கண்ணாடி. அறையின் குளிர்காற்று சுவரில் போட்ட கீழ் ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் போய், தகரத்தில் உரசிச் சூடாகி, மேல் ஓட்டை வழியாகத் திரும்பி வரும். இழுத்துத் தள்ள ஒரு குட்டி ஃபேன். அதோடு நிறுத்தினானா? மேல் ஓட்டையில் ஒரு தெர்மாமீட்டரையும் மாட்டினான். அங்கேதான் பிடித்தது சனியன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை.

"எழுபது! வந்து பாரு, எழுபது டிகிரி!"

"அப்புறம் ரூம் ஏன் இன்னும் விறைக்குது?"

"ஆகும் ஆகும். நேத்து வெறும் நாப்பது. ஃபேனைக் குறைச்சேன், அம்பத்தஞ்சு. இன்னும் குறைச்சேன், எழுபது. இன்னும் கொஞ்சம் குறைச்சா எண்பதைத் தொட்டுடலாம்."

"தொட்டா பட்டமா குடுக்கப் போறாங்க?"

கொடியில் காயும் துண்டுகளை எடுக்க வெளியே போனாள். பெட்டியின் கண்ணாடிமேல் சாய்ந்து, எதிர்வீட்டுப் பூனை சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகவே சுட்டது.

ஹேர் டிரையரின் பின்வலையில் முடி அடைத்துக்கொண்டால் காற்று குறைந்துவிடும். முனை நெருப்பாகக் கொதிக்கும், தலை மட்டும் காயாது. பத்து வருஷம் பார்த்த கூத்து; இங்கேயும் அதே கதைதான். அவள் விறுவிறுவென்று உள்ளே வந்து ஃபேன் திருகை ஒரே திருப்பாக முழுசும் திருப்பிவிட்டாள்.

"ஐயையோ, என்ன பண்றே? இறங்குது பாரு! அறுபது… அம்பது… நாப்பது! போச்சு, என் உழைப்பெல்லாம் போச்சு!"

"வெளியே போய்ப் பூனையைப் பாருங்க. உள்ளே வர வேண்டிய சூட்டை கண்ணாடி வழியா அதுக்குத் தானம் பண்ணிட்டு இருக்கீங்க. காத்து வேகமா வந்து அள்ளிட்டு வந்தாத்தானே ரூமுக்குக் கிடைக்கும்?"

"இருந்தாலும் நாப்பதுதானே…"

"எவ்வளவு காத்து வருது, கையை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தான். பூனையைப் பார்க்க வெளியே போனான்.

பத்தரை மணிக்கு அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். ஜன்னல் வழியாக விஞ்ஞானியின் தலை எட்டிப் பார்த்தது.

"பூனை எந்திரிச்சுப் போயிடுச்சு! கண்ணாடி ஆறிடுச்சு!"

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர் சகிதம் போருக்குப் போகிறவர் மாதிரி வந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினார். தலை கழுவும்போது கண்ணை மூடியவர், முடி வெட்டி முடிந்தும் திறக்கவில்லை.

"ஆச்சும்மா."

"எந்திரிக்கணுமா?" என்றார் அவர். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "இந்த இடத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை."

அவளுக்குப் பகீரென்றது. "ஏம்மா, ஏதாவது குறையா?"

"சொன்னா அப்புறம் எனக்கு நாற்காலி கிடைக்காதே!"

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது வாசலில் ஐந்து தாய்மார் நின்றிருந்தார்கள்.