மிச்சமிருந்த ஒரு வார்த்தை

அப்பாவை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னவன் அண்ணன். சாத்தித் தாழ் போட்டவள் தங்கையான அவள்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலைத் தூக்கத்திலேயே போய்விட்டாள். பத்து மணிக்கு வண்டி வரும். அதற்குள் அப்பா ஒரு தடவை அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் பார்த்தால் வாயைத் திறப்பார், திறந்தால் ஒரே வார்த்தைதான் வரும்.

யம்மி.

குழந்தைக்கு ஊட்டும்போது ருசியோ ருசி என்று கொஞ்சிச் சொல்வோமே, அந்த இங்கிலீஷ் வார்த்தை. பெரியவர்கள் சொன்னால் விளையாட்டுக்குத்தான். அப்பாவுக்கோ விளையாட்டே ஆகாது. பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை. இரண்டு நிமிடம் பிந்தி வந்த டிரைவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். போன வருஷம் பேத்திக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு, "யம்மி, யம்மி" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் அடித்தது. மற்ற பேச்செல்லாம் போய், நாக்கில் அது மட்டும் ஒட்டிக்கொண்டது. உள்ளே நினைப்பதெல்லாம் சரியாகத்தான் இருக்கும், வெளியே வருவது மட்டும் இதுதான் என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. வெட்டிச் சொன்னால் தண்ணீர். அவசரமாக இரண்டு தரம் சொன்னால் பாத்ரூம். இழுத்துச் சொன்னால், பக்கத்தில் வந்து உட்கார்.

"நீயா ஏதாவது கற்பனை பண்ணிக்காதம்மா" என்று அவள் சிரித்திருக்கிறாள்.

"போடி. நாப்பது வருஷமா உங்கப்பா பேசினதுல எனக்கு உருப்படியா புரிஞ்சது இது ஒண்ணுதான்."

இரண்டு மாதம் முன்னால் சித்தப்பா செத்தபோது அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார்கள். தம்பியின் முகத்தின் மேல் குனிந்து, கண்ணீர் கொட்டக் கொட்ட, "யம்மி" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். அது சுற்றாத இடமெல்லாம் சுற்றி அவள் ஆபீசுக்கே வந்து சேர்ந்தது. கேன்டீனில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றுபோகும்.

"அம்மாவையும் வேடிக்கைப் பொருளா ஆக்கணுமா? வண்டி போனதும் திற" என்றான் அண்ணன். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒன்பதரைக்கு உள்ளிருந்து சத்தம் ஆரம்பித்தது. முதலில் வெட்டி ஒன்று. பிறகு அவசரமாக இரண்டு. அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். வந்திருந்த ஒரு அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. நாலு பேர் அம்மாவைத் தூக்கினார்கள். அப்போதுதான் அப்பா இழுத்தார்.

"யம்ம்ம்மி..."

அர்த்தம் தெரியாமல் நின்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தாள். கூட்டத்தில் ஒருவன் போனை உயர்த்துவது தெரிந்தது. கை தானாக இறங்கியது. பாவி, அந்தக் கை இறங்கியிருக்கக் கூடாது.

வண்டி போன பிறகு திறந்தாள். கதவு பாதியில் தடுத்தது. கட்டிலிலிருந்து விழுந்து தவழ்ந்து வந்திருக்கிறார். நல்ல கையின் விரல்கள் கதவின் அடி இடுக்கில் நுழைந்திருந்தன.

"அம்மாவக் கொண்டுபோயிட்டாங்கப்பா."

அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை, அடுத்த வாரமும் இல்லை. கஞ்சி கொடுத்தால் ஸ்பூனுக்கு மட்டும் வாய் திறக்கும். "யம்மிப்பா" என்று அவளே சொல்லிப் பார்த்தாள். வெட்டிச் சொன்னாள், இரண்டு தரம் சொன்னாள். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா காதில் விழுந்திருக்கும் அதே இழுப்பில் இழுத்துச் சொன்னாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுபடி லேசாக வாதம் அடித்திருக்கும், அந்த ஒரு வார்த்தையும் போயிருக்கும் என்றார் டாக்டர். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.